பேஸ் வாய்ஸ்: ஸ்பீக்கரில் வராத குரல் காதில் எப்படிக் கேட்குது?

ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிப்போம். வீட்டுல இருந்து அப்பா போன் பண்றார். பழைய லேண்ட்லைன், இல்லைன்னா 2ஜி கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த சேனல் கடத்துவது 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான். கம்யூனிகேஷன் பேப்பரில் ரெண்டு மார்க் கேள்விக்கு எல்லாரும் எழுதிய அதே நம்பர். ஆனால் ஒரு சராசரி ஆண் பேசும்போது அவர் குரலின் அடிப்படை அதிர்வெண் 85-க்கும் 155-க்கும் நடுவில்தான் இருக்கும். அதாவது அப்பா குரலோட அடித்தளம் அந்த லைனுக்குள்ளேயே நுழையவில்லை. இருந்தும் "சாப்டியா?" என்று கேட்ட அடுத்த நொடியே அது அப்பா குரல் என்று தெரிகிறது. யாரும் அவரைப் பத்து வயசுப் பையன் என்று நினைப்பதில்லை. எப்படி?

110 ஹெர்ட்ஸில் பேசும் ஒருவரின் குரலில் 110 மட்டும் இருப்பதில்லை. 220, 330, 440, 550 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே வருகின்றன. சேனல் 110-ஐயும் 220-ஐயும் வெட்டிவிடுகிறது. மீதி எல்லாம் தப்பித்து வந்துவிடுகின்றன. வந்து சேர்ந்த மடங்குகள் எல்லாம் கூடிய அலை ஒவ்வொரு 1/110 நொடிக்கும் ஒருமுறை தன்னையே திரும்பச் சொல்கிறது. அந்த ரிபீட்டைத்தான் நம்ம மூளை சுருதியாக எடுத்துக்கொள்கிறது. "இந்த மடங்குகள் வருதுன்னா அடியில 110 இருந்தே ஆகணும்" என்று தானே முடிவு பண்ணி, வராத ஒன்றைக் கேட்க வைக்கிறது. இதற்கு மிஸ்ஸிங் ஃபண்டமெண்டல் என்று பெயர். இப்போதைய வோல்டி கால்களில் 50-லிருந்து 7000 ஹெர்ட்ஸ் வரை வந்தாலும், மொபைலின் சுண்டுவிரல் நகம் சைஸ் ஸ்பீக்கரால் அந்த அடிப்பகுதியைத் தள்ள முடியாது. அதனால் கதை பெரிதாக மாறவில்லை.

போன் ஸ்பீக்கரில் நாம் கேட்கும் ஒவ்வொரு பேஸ் பாடகரும் இப்படிப் பாதி அவர் தொண்டையிலும் பாதி நம்ம தலைக்குள்ளும் உருவாகிறவர்தான். ஓபரா, கச்சேரி பக்கம் போகாமல், பாப், கோஸ்பல், கிராமத்துக் கூட்டுப்பாட்டு இந்த மாதிரி இடங்களில் அந்தக் குரல் என்ன வேலை செய்தது, யார் யார் பாடினார்கள் என்பதைத்தான் எழுதப்போகிறேன். இன்னொரு காரணமும் இருக்கு. ஹாஸ்டலில் நல்ல கனமான குரல் உள்ள பையன்களில் பாதிப் பேர் "எனக்குப் பாட வராது மச்சி" என்கிறார்கள். அது பெரும்பாலும் கணக்குப் பிழை. கடைசியில் அதையும் போட்டுப் பார்ப்போம்.

எது பேஸ்?

நம்ம ஊரில் கொஞ்சம் தடித்த குரலில் பேசினாலே "செம்ம பேஸ் வாய்ஸ்டா" என்று சொல்லிவிடுகிறோம். கொயர் கணக்கில் பேஸ் என்பது ஆண்குரல்களில் கடைசி அடுக்கு. தோராயமாக ஈ2-விலிருந்து ஈ4 வரை, அதாவது 82 ஹெர்ட்ஸிலிருந்து 330 ஹெர்ட்ஸ் வரை. அந்த 82, கிட்டாரின் மேலே இருக்கும் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் சத்தம். கிட்டார் பக்கத்தில் இருந்தால் அதைத் தட்டி, அதே சுருதியில் "ஆ" சொல்லிப் பாருங்கள். முனகலாக இல்லாமல் தெளிவாக, ஓரளவு சத்தமாக வந்தால் நீங்கள் பேஸ் பக்கம்தான். காலையில் எழுந்தவுடன் செய்தால் எல்லாருக்கும் ஒரு படி கீழே போகும். ராத்திரி முழுக்கப் படுத்திருந்ததில் குரல் நாண்கள் லேசாக உப்பியிருக்கும். எடை கூடினால் அதிர்வெண் குறையும், அவ்வளவுதான். காபி குடித்து நாலு பேரிடம் பேசிய பிறகு டெஸ்ட் பண்ணுவதுதான் நியாயம்.

குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு மடிப்புகள்தான் குரல் நாண்கள். ஆண்களுக்கு அவை சுமார் 17-லிருந்து 25 மில்லிமீட்டர் நீளம், பெண்களுக்கு 12.5-லிருந்து 17.5. வயசுக்கு வரும்போது பையன்களின் குரல்வளை பெரிதாகி, நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் சுமார் ஒரு ஆக்டேவ் இறங்குகிறது. பாரி வைட் தன் குரல் 14 வயதில் ஒரே ராத்திரியில் இப்படி விழுந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நீளம், எடை, இழுவிசை என்ற மூன்றும் சேர்ந்து அதிர்வெண்ணை நிர்ணயிக்கின்றன. ப்ளஸ் ஒன்னில் படித்த கம்பி ஃபார்முலா இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் திசை அதேதான்.

இது பாதிக் கதை. நாண்கள் தருவது வெறும் "ஸ்ஸ்ர்ர்" என்ற ஒரு பஸ்ஸர் சத்தம். அதற்கு மேலே தொண்டை, வாய் என்று ஒரு குழாய் இருக்கு. ஆண்களுக்கு அது சுமார் 17 செ.மீ. ஒரு பக்கம் மூடிய குழாய் என்று எடுத்தால் முதல் ரெசனன்ஸ் ஒலிவேகம் வகுத்தல் நான்கு மடங்கு நீளம்: 340-ஐ 0.68-ஆல் வகுத்தால் 500 ஹெர்ட்ஸ். அடுத்தவை 1500, 2500. குழாய் நீளமானால் இவை எல்லாமே இறங்கும், குரலின் நிறம் இருட்டும். பேஸ் குரல் என்று நாம் உணர்வது சுருதி தாழ்ந்திருப்பதை மட்டும் இல்லை, இந்த இருட்டையும் சேர்த்துத்தான். ரீல்ஸில் குரல்வளையைக் கீழே அமுக்கி "டீப் வாய்ஸ்" காட்டுகிறார்களே, அவர்கள் சுருதியைப் பெரிதாக மாற்றுவதில்லை. குழாயை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீட்டி நிறத்தை மாற்றுகிறார்கள். ரொம்ப நேரம் அப்படிப் பேசினால் தொண்டை வலிப்பதுதான் மிச்சம்.

மைக் வரும்வரை

நம்ம காது தாழ்ந்த சத்தங்களுக்கு நியாயமே செய்வதில்லை. 1000 ஹெர்ட்ஸில் சுமார் 2 டெசிபல் இருந்தாலே நல்ல காதுக்குக் கேட்டுவிடும். 50 ஹெர்ட்ஸில் அதே "லேசாகக் கேட்குது" நிலைக்கு வர 44 டெசிபல் தேவை. 40 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் என்றால் பவரில் பத்தாயிரம் மடங்குக்கும் அதிகம். ஒரு மனிதத் தொண்டையால் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. மேடையில் மைக் இல்லாத காலத்தில் உலகம் முழுக்க உச்சக் குரல்கள்தான் ஜெயித்தன. நம்ம நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் எல்லாம் அவ்வளவு உயர்ந்த சுருதியில் பாடியதற்குக் கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருந்தவரும் ஒரு காரணம்.

ரெக்கார்டிங்கிலும் இதே நிலைமைதான். ஆரம்பத்தில் ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நின்று கத்த வேண்டும். அந்தச் சத்தத்தின் சக்தியே ஊசியை நகர்த்தி மெழுகில் கோடு போடும். அடிச் சத்தங்கள் அதில் பதியவே பதியாது. டபுள் பேஸ் வாத்தியத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ட்யூபாவை உட்கார வைத்து ஒப்பேற்றினார்கள். 1925-ல் மைக், ஆம்ப்ளிஃபையரோடு எலெக்ட்ரிக்கல் ரெக்கார்டிங் வந்த பிறகுதான் கத்தாமல் பாடுகிற குரலுக்கு வழி பிறந்தது.

மைக் இன்னொரு பரிசும் கொண்டுவந்தது. கார்டியாய்டு மாதிரி திசை சார்ந்த மைக்கில் வாயை ஒட்டி வைத்துப் பாடினால் தாழ்ந்த அதிர்வெண்கள் தானாகவே கூடிவிடும். அந்த மைக்குகள் காற்றழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளக்கின்றன. வாய் ரொம்பப் பக்கத்தில் இருக்கும்போது தூர வித்தியாசத்தாலேயே அழுத்த வித்தியாசம் பெரிதாகிவிடுகிறது, அது அடிப்பகுதியில்தான் அதிகமாகத் தெரிகிறது. இதற்கு ப்ராக்ஸிமிட்டி எஃபெக்ட் என்று பெயர். காதோரம் ரகசியம் பேசுவது போல இருக்கும் பேஸ் குரல் என்பது முழுக்க முழுக்க மைக் காலத்துச் சரக்கு. ஆடிட்டோரியத்தில் ஆங்கரிங் பண்ற பையன் மைக்கைக் கடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு திடீரென்று சினிமா வில்லன் ஆகிவிடுவதும் இதனால்தான்.

பேண்டுக்குப் பதில் ஒரு தொண்டை

1930-களில் அமெரிக்காவில் மில்ஸ் பிரதர்ஸ் என்று நான்கு சகோதரர்கள். மூத்தவர் ஜான் ஜூனியர் வாயாலேயே ட்யூபா வாசிப்பார். கேட்டவர்கள் நம்பமாட்டார்கள் என்று, ஒரு கிட்டாரைத் தவிர வேறு எந்த வாத்தியமும் இதில் இல்லை என்று ரெக்கார்டு லேபிளிலேயே அச்சடித்தார்கள். 1936-ல் ஜான் சின்ன வயசிலேயே இறந்துபோனார். அவர் இடத்தில் பேஸ் பாட வந்தது அவர்களுடைய அப்பா.

அதே காலத்தில் இங்க் ஸ்பாட்ஸ் குழுவில் ஹாப்பி ஜோன்ஸ் வேறொரு வித்தை கொண்டுவந்தார். டெனர் பாடகர் உருகி உருகிப் பாடி முடித்ததும், இவர் அதே வரிகளைப் பாடாமல், தாழ்ந்த குரலில் மெதுவாகப் பேசுவார். 1939-ல் அவர்களுக்குக் கிடைத்த பெரிய ஹிட்டிலேயே இது இருக்கு. பின்னால் பாரி வைட், ஐசக் ஹேய்ஸ் எல்லாம் பாட்டுக்கு நடுவே நீளமாகப் பேசியதற்கு இதுதான் முன்னோடி என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு டூ-வாப். நியூயார்க், ஃபிலடெல்ஃபியா தெருமுனைகளில் பாடிய கறுப்பினப் பையன்களிடம் வாத்தியம் வாங்கக் காசு இல்லை. டபுள் பேஸ் வேலையை ஒரு தொண்டை எடுத்துக்கொண்டது. அர்த்தமே இல்லாத "பாம் பாம்" அசைகள்தான் பேஸ் பாடகருக்குக் கிடைக்கும், ஆனால் பாட்டின் தாளமும் கார்டின் அடிச் சுரமும் ரெண்டுமே அவர் கையில். 1961-ல் மார்செல்ஸ் குழுவின் 'ப்ளூ மூன்' அமெரிக்காவில் நம்பர் ஒன் ஆனதற்கு அதன் ஆரம்பத்தில் வரும் ஃப்ரெட் ஜான்சனின் பேஸ் முக்கியக் காரணம். பழைய மெதுவான காதல் பாட்டு அது, மேலே இருக்கும் மெலடியை யார் வேண்டுமானாலும் பாடியிருக்கலாம். டெம்ப்டேஷன்ஸின் மெல்வின் ஃப்ராங்க்ளின், ஓக் ரிட்ஜ் பாய்ஸின் ரிச்சர்ட் ஸ்டெர்பன், நம்ம காலத்து பென்டடானிக்ஸில் 2017 வரை இருந்த ஆவி கப்லான் எல்லாரும் இந்த வரிசைதான்.

பேஸ் பாடகர்களின் பெயர் ஜனங்களுக்குத் தெரிவது அபூர்வம். இதில் தர்ல் ரேவன்ஸ்க்ராஃப்ட் ஒரு உச்சம். 1966-ல் வந்த க்ரிஞ்ச் டிவி கார்ட்டூனில் அந்தப் புகழ்பெற்ற வசைப்பாட்டைப் பாடியவர் அவர். டைட்டிலில் பெயர் விட்டுப்போனது. கதை சொன்ன போரிஸ் கார்லாஃப்தான் பாடினார் என்று நிறைய பேர் இன்றும் நினைக்கிறார்கள். கெல்லாக்ஸ் சோளச் செதில் டப்பாவில் இருக்கும் புலிக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் குரல் கொடுத்தவரும் இவரே. அமெரிக்காவில் ஒரு தலைமுறையே அந்தக் குரலோடு காலை சாப்பாடு சாப்பிட்டது, ஆள் யாரென்று தெரியாமல்.

பத்து ஷில்லிங்

பெயர் விட்டுப்போவது ஒரு பக்கம், காசே விட்டுப்போன கதை ஒன்று தென்னாப்பிரிக்காவில் இருக்கு. சாலமன் லிண்டா ஜூலு கிராமத்திலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு வேலை தேடி வந்தவர். காலோ என்ற ரெக்கார்டு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை. அவருடைய குழு பெயர் ஒரிஜினல் ஈவினிங் பேர்ட்ஸ். அங்கே தொழிலாளர் விடுதிகளில் தங்கியிருந்தவர்கள் சனிக்கிழமை ராத்திரிகளில் குழுக் குழுவாகப் போட்டி போட்டுப் பாடுவார்கள். லிண்டா அதில் செய்த மாற்றம் ரொம்ப எளிமையானது: பேஸ் பகுதிக்கு ஒருவர் போதாது, பல பேரை நிறுத்தினார்.

அதன் பலனைக் கணக்கிடலாம். தனித்தனித் தொண்டைகள் ஒன்றோடொன்று ஃபேஸ் ஒத்துப் பாடாது. அதனால் பவர்தான் கூடும். இரண்டு பேர் என்றால் 3 டெசிபல், நான்கு பேர் என்றால் 6 டெசிபல். கேட்க அற்பமாகத் தெரியலாம். ஆனால் தாழ்ந்த அதிர்வெண்களில் காதின் சத்த வளைவுகள் நெருக்கி நெருக்கி இருக்கும், கொஞ்சம் டெசிபல் கூடினாலே சத்தம் நிறையக் கூடின மாதிரி உணர்வோம். அது போக, ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் விடாமல் பிடிப்பார்கள். தரை மாதிரி ஒரு இடைவிடாத அடிச் சத்தம் கிடைக்கும். அந்தத் தரைமேல் லிண்டா உச்சக் குரலில் இஷ்டத்துக்குத் திரிந்தார்.

1939-ல் காலோ ஸ்டுடியோவில் பதிவான அந்தப் பாட்டின் பெயர் 'ம்பூபே'. ஜூலுவில் சிங்கம். தென்னாப்பிரிக்காவில் அது சுமார் ஒரு லட்சம் ரெக்கார்டுகள் விற்றதாகச் சொல்வார்கள். உரிமைக்காக லிண்டாவுக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். ரெக்கார்டு அமெரிக்கா போய், பீட் சீகர் காதில் விழுந்தது. பேஸ் குழு திரும்பத் திரும்பச் சொல்லும் ஜூலு வார்த்தையை அவர் 'விமோவே' என்று கேட்டு எழுதிக்கொண்டார், அதுவே அவர்கள் வெர்ஷனுக்குத் தலைப்பும் ஆனது. 1961-ல் டோக்கன்ஸ் குழு ஆங்கில வரிகள் போட்டு 'தி லயன் ஸ்லீப்ஸ் டுனைட்' ஆக்கி நம்பர் ஒன் அடித்தார்கள். 1962-ல் லிண்டா ஏழையாகவே இறந்தார். 1994-ல் 'லயன் கிங்' படத்தில் அந்தப் பாட்டு உலகம் முழுக்கக் கேட்டது. 2000-ல் ரியான் மலான் என்ற தென்னாப்பிரிக்க எழுத்தாளர் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் முழுக் கதையையும் எழுதினார். 2004-ல் குடும்பம் டிஸ்னி மேல் வழக்குப் போட்டு, 2006-ல் சமரசமாகி, அதன்படி ராயல்டி உரிமை கிடைத்தது. 1939-க்கும் 2006-க்கும் நடுவில் எத்தனை வருஷம் என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்னி படத்தில் பார்த்த நமக்கெல்லாம் அந்தப் பாட்டில் நினைவிருப்பது மேலே கூவும் பகுதிதான். ஒரிஜினலைக் கேட்டால் அந்தப் பாட்டே அடியில் இருக்கும் ஆண்கள்தான் என்று புரியும். அந்த மரபில் வந்த லேடிஸ்மித் ப்ளாக் மம்பாசோ குழுவில் இன்றும் பெரும்பான்மை பேஸ் பாடகர்கள்தான். 1986-ல் பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' ஆல்பத்தில் பாடியதும் அவர்களே. அத்தனை பேஸ்களும் சேர்ந்து கிட்டத்தட்டக் கிசுகிசுப்பாகப் பாடும்போது வரும் ஒரு கனம் இருக்கே, சப்-ஊஃபரில் வராதது அது.

கடலுக்கு அடியில் ஒரு கச்சேரி

பேஸ் குரல் என்றதும் இன்னொரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. பால் ராப்சன். 1898-ல் பிறந்தவர். அப்பா அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். மகன் கல்லூரியில் ஃபுட்பால் நட்சத்திரம், கொலம்பியாவில் சட்டப் பட்டம், பிறகு நடிகர், பாடகர். 'ஓல் மேன் ரிவர்' பாட்டை முதலில் மேடையில் பாடியவர் ஜூல்ஸ் ப்ளெட்ஸோ. ஆனால் 1928-ல் லண்டன் மேடையிலும் 1936-ல் படத்திலும் பாடிய ராப்சனோடுதான் அது ஒட்டிக்கொண்டது. ஒரு கறுப்பினத் தொழிலாளி அலுத்துப்போய்ப் பாடுவதாக எழுதப்பட்ட பாட்டு. ராப்சன் பிற்பாடு மேடைகளில் அந்தச் சலிப்பு வரிகளை எடுத்துவிட்டு, போராடுவேன் என்ற அர்த்தம் வரும்படி தானே மாற்றிப் பாடினார்.

இடதுசாரி என்பதற்காக 1950-ல் அமெரிக்க அரசு அவர் பாஸ்போர்ட்டை ரத்து செய்தது. நாட்டுக்குள்ளேயும் மேடைகள் கிடைக்கவில்லை. வெளிநாடும் போக முடியாது. 1952-ல் கனடா எல்லைக்கு ஒட்டி ஒரு லாரியின் மேல் நின்று, எல்லைக்கு இரண்டு பக்கமும் கூடியிருந்தவர்களுக்குப் பாடினார். 1956 செப்டம்பரில் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் முதல் தொலைபேசி கேபிள் டாட்-1 திறக்கப்பட்டது. ஒரே நேரத்தில் 36 கால்கள், கடலடியில் வால்வு ரிப்பீட்டர்கள். அடுத்த வருஷம் மே மாதம் ராப்சன் நியூயார்க்கில் உட்கார்ந்து அந்தக் கேபிள் வழியாகப் பாட, லண்டனில் ஒரு அரங்கம் நிறைய ஜனம் கேட்டது. அக்டோபரில் வேல்ஸின் போர்த்கால் ஊரில், சுரங்கத் தொழிலாளர்களின் விழாவில், சுமார் ஐயாயிரம் பேர் அதே மாதிரி கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் அந்தப் பக்கத்திலிருந்து அவருக்குத் திருப்பிப் பாடினார்கள். 1958-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. ஆளைத் தடுத்து வைத்த அரசால் அலையைத் தடுக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்து கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸ் வரலாற்றில் இதைவிட நல்ல டெமோ கிடையாது.

ராப்சனை நியூயார்க்கில் சந்தித்த ஒரு அஸ்ஸாம் மாணவர் பூபேன் ஹஸாரிகா, கொலம்பியா பல்கலையில் படித்துக்கொண்டிருந்தவர். மிஸிசிபி பாட்டின் தாக்கத்தில் அவர் அஸ்ஸாமியில் பாடியது 'பிஸ்தீர்ண பாரோரே'. அங்கே நதி பிரம்மபுத்திராவின் கரை, இந்தியில் அது கங்கை ஆனது. அவர் குரலும் தாழ்ந்து உருண்டு வரும் வகைதான். அதே பாட்டை ஒரு கீச்சுக் குரலில் கற்பனை செய்தால் நதி ஓடை ஆகிவிடுகிறது.

ஃப்ளிப்-ஃப்ளாப் தொண்டை

சாதாரணமாகக் குரலை இறக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சுரம் உடைந்து, பழைய கதவு திறக்கும் "க்ர்ர்ர்" சத்தம் வரும். 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாண்கள் தளர்ந்து தனித்தனித் துடிப்புகளாக மூடித் திறக்கும் நிலை அது, வோக்கல் ஃப்ரை என்பார்கள். சத்தம் ரொம்பக் கம்மி, மைக் இல்லாமல் பிரயோஜனம் இல்லை. யூட்யூபில் வரும் பாதாள சுரங்கள் நிறையவே இந்த வகை. இதன் எல்லைக்குப் போனவர் டிம் ஸ்டார்ம்ஸ், 2012-ல் 0.189 ஹெர்ட்ஸ் என்று கின்னஸில் பதிந்தார். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் ஐந்து நொடிக்கு மேல். மனிதக் காது 20-க்குக் கீழே சுரமாகக் கேட்காது, கருவி வைத்துத்தான் அளந்தார்கள். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பாட்டு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ரஷ்யாவுக்குள், மங்கோலியாவுக்கு வடக்கே இருக்கும் துவா மக்களின் கார்கிரா முறை இதைவிட ரொம்ப அழகு. குரல் நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கு, போலி நாண்கள். பேசும்போது அவை சும்மா இருக்கும். கார்கிரா பாடுகிறவர் அவற்றையும் நெருக்கிக் கொண்டுவந்து, உண்மையான நாண்கள் இரண்டு முறை துடிக்கும்போது இவை ஒரு முறை துடிக்கும்படி செய்கிறார். அலை இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுதாக ரிபீட் ஆகிறது. அதனால் சுருதி சரியாக ஒரு ஆக்டேவ் கீழே விழுகிறது. டிஜிட்டல் லேபில் டி ஃப்ளிப்-ஃப்ளாப் வைத்து க்ளாக்கை இரண்டால் வகுத்தோமே, அதேதான், சதையில். 120-ல் பாடினால் 60 கேட்கும், அதுவும் ஃப்ரை மாதிரி நலிந்து போகாமல் முழுச் சத்தத்தோடு. 1992-ல் தொடங்கிய ஹூன்-ஹூர்-டூ குழுவின் ரெக்கார்டிங்குகளில் கேட்கலாம். அதன் ஆரம்ப உறுப்பினர் ஆல்பர்ட் குவெஸின் யாட்-கா என்ற ராக் பேண்ட் ஆரம்பித்து, 2005-ல் லெட் செப்பலின், ஜாய் டிவிஷன் பாட்டுகளையெல்லாம் இந்தக் குரலில் பாடினார். முதல் முறை கேட்டால் சிரிப்பு வரும், மூணாவது முறை வராது.

இத்தாலியின் சார்தீனியா தீவில் மேய்ப்பர்கள் பாடும் 'கான்டு அ தெனோரே'வில் நான்கு குரல்கள். அதில் 'பாஸு' என்ற கடைசிக் குரல் கிட்டத்தட்ட இதே போலி நாண் உத்தியைத்தான் பயன்படுத்துகிறது. பாஸு மாட்டின் குரல், அதற்கு மேலே இருக்கும் 'கொன்ட்ரா' ஆட்டின் குரல், 'மேஸு போகே' காற்றின் ஓசை என்று அங்கே சொல்வார்கள். துவாவுக்கும் சார்தீனியாவுக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம். இரண்டு பக்கமும் ஆடு மாடு மேய்த்தவர்கள்.

உப்பிய நாண்கள் என்றதும் சிகரெட் ஞாபகம் வருகிறது. லியனார்ட் கோஹனின் 1967 ஆல்பத்தையும் 2016-ல் இறப்பதற்குச் சில வாரம் முன்பு வந்த கடைசி ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே ஆள் என்று நம்ப முடியாது. சிகரெட்தான் காரணம் என்று அவரே சொல்வார். புகையால் நாண்களின் மேல்தோலுக்கு அடியில் நீர் கோத்து உப்புவது ஒரு நோய், பெயர் ரைன்கே எடீமா. குரல் இறங்கும், கூடவே கரகரப்பும் மூச்சுத் திணறலும் வரும். பேஸ் வாய்ஸுக்காகத் தம் அடிப்பதாகச் சொல்லும் ஒரு ஜீவன் எல்லா ஹாஸ்டல் ப்ளாக்கிலும் உண்டு, அவனுக்காகத்தான் இந்தப் பாரா.

இப்போ அந்தக் கணக்கு

ஒரு சினிமாப் பாட்டின் மெலடி 147 ஹெர்ட்ஸிலிருந்து 392 ஹெர்ட்ஸ் வரை, அதாவது டி3-லிருந்து ஜி4 வரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். நம்ம ஆண் பாட்டுகளில் சரணம் ஜி4 பக்கம் போவது சகஜம். பேஸ் குரலின் வசதியான எல்லை 82-லிருந்து 330. ஒரிஜினல் சுருதியில் பாடினால் உச்சத்தில் தொண்டை கிழியும். சரி என்று ஒரு ஆக்டேவ் இறக்கிப் பாடினால் 73-லிருந்து 196 ஆகிவிடும். இப்போது பல்லவி தரைக்குள் போய்விடும், பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. பாட வராது என்று சொல்கிற பையன்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் முயற்சி செய்து பார்த்திருக்கிறார்கள்.

நடுவில் ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு செமிடோனுக்கும் 1.0595-ஆல் வகுக்க வேண்டும். நான்கு செமிடோன் இறக்கினால் மொத்தம் 1.26. 147 என்பது 117 ஆகும், 392 என்பது 311 ஆகும். இரண்டுமே எல்லைக்குள். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் ரெண்டு கட்டை இறக்கணும், அவ்வளவுதான். கரோக்கே ஆப்களில் கீ மாற்றும் பட்டன் இருக்கும், மைனஸ் நாலு வையுங்கள். கிட்டாரிஸ்ட் கூட இருந்தால் "கேப்போ போட்டுக்கோ"ன்னு சொல்லாதீங்க, அது சுருதியை ஏற்றத்தான் செய்யும். கார்டுகளை மாற்றித்தான் வாசிக்கணும். ஜி-யில் இருந்தால் ஈ ஃப்ளாட். அவன் முகம் சுளிப்பான். அப்போ அஞ்சு இறக்கி டி-யில் வாசிக்கச் சொல்லுங்க. அதில் மெலடி 110-லிருந்து 294. அதுவும் உங்க எல்லைக்குள்தான்.